நெருப்பு என்று கத்தினால் சிரிப்பார்கள்

நாவலாசிரியர்கள் கூடுகிற இடத்தில் என்னைச் சினிமாக்காரர் என்று அறிமுகப்படுத்துவார்கள். சினிமாக்காரர்கள் கூடுகிற இடத்தில் பெரிய எழுத்தாளர் என்பார்கள். இரண்டுமே வசவுதான் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. இப்போது நான் எழுதுவதும் இல்லை, படம் எடுப்பதும் இல்லை. வேப்பம்பட்டில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டு, மழை வருவதற்குள் எடுத்து மடித்து வைக்கிறேன். என்னிடமிருந்து இனி யாருக்கும் எதுவும் தேவையில்லை என்பதால் உண்மை பேசும் தகுதி எனக்கு முழுமையாக வந்துவிட்டது.

உதவி இயக்குநர்களாகவும் வசனம் எழுதுகிறவர்களாகவும் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அனுபவத்தைச் சொல்லச் சொல்கிறீர்கள். எந்த லென்ஸ், எந்தக் கோணம் என்பதை எல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது, என்னைவிடத் தெளிவாகவும் பேசுகிறது. ஒரு கூட்டம் முழுக்க உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்த வாயைத் திறந்து என்ன சொல்வது என்று மட்டும் அதில் இல்லை. அப்படி ஒரு நாள் எனக்கு வந்தது. அதைச் சொல்கிறேன்.

காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்துகொண்டேதான் நாவல்கள் எழுதினேன். அவற்றில் ஒன்று இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றைப் பற்றியது. ஆலையில் தீப்பிடித்து ஒரு தொழிலாளி சாகிறான். அவன் பீடி பிடித்ததால்தான் தீப்பிடித்தது என்று முதலாளி சொல்லிவிடுகிறார். பீடியே பிடிக்காத அந்த மனிதனின் மனைவி, அந்த ஒரு பொய்யை அழிப்பதற்காகப் படி ஏறி இறங்குகிறாள். நாவல் வெளிவந்தது. ஒரு கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியவர் நாவலின் தலைப்பைத் தவறாகச் சொன்னார். அத்தோடு அந்த நாவலின் பொதுவாழ்வு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் தயாரிப்பாளர் வந்தார். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு வாங்கி விற்கிறவர், பொன்னேரிக்குப் பக்கத்தில் ஆரணியில் சொந்த வீடு. நாவலை அவர் படிக்கவில்லை, அவருடைய மனைவி படித்திருந்தார்.

“என் ஊட்டுக்காரி அயுதா நைனா. எங்கம்மா செத்தப்போகூட அயாதவ. அவளே அயுதான்னா, ஜனங்க இன்னா பாடு படும்? நீயே டைரக்ட் பண்ணு.”

தன் மனைவியின் கண்ணீரைச் சந்தை நிலவரமாக எடுத்துக்கொண்டு படத்தில் இறங்கிய வேறொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

கதை விவாதத்துக்கு ஓர் அறை எடுத்தார். அதில் உட்கார்ந்திருந்த யாரும் நாவலைப் படித்திருக்கவில்லை. படிக்காதவர்களுக்குத்தான் ஒரு கதையைப் பற்றிச் சந்தேகமே வராது. செத்தவனுக்கு ஒரு தம்பி வேண்டும், அவன்தான் ஹீரோ என்றார் ஒருவர். அந்தத் தம்பி வெளிநாட்டில் படித்தவன் என்றார் இன்னொருவர். ஆலையே வேண்டாம், அழுக்காக இருக்கும், தேயிலைத் தோட்டம் வைத்துக்கொள்ளலாம் என்றார் மூன்றாமவர். நான் தம்பிக்கு ஒப்புக்கொண்டேன், வெளிநாட்டுக்கும் ஒப்புக்கொண்டேன். ஆலையை மட்டும் விடவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவனுக்கு ‘தொல்லை’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஒன்றே ஒன்றுக்குச் சண்டை போடுங்கள், ‘கொள்கை’ என்பார்கள்.

அப்புறம் ஆலை தேடினோம். கும்மிடிப்பூண்டியில் உருட்டாலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன் ஆலையில் தீப்பிடிக்க விட எந்த முதலாளிக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஒருவர் இறங்கிவந்தார். படித்தவர், மென்மையாகப் பேசுகிறவர், சினிமா என்றால் கொஞ்சம் சபலம் உள்ளவர். இரண்டு நிபந்தனைகள் போட்டார்.

“விபத்து நடக்கட்டும் சார். பட், பார்க்கிறவங்களுக்கு இது ரொம்ப சேஃபான ஃபேக்டரின்னு தெரியணும். எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருக்கணும். சுவர் பூரா தீயணைப்பு சிலிண்டர் தொங்கணும்.”

“இப்போ தொங்குதா சார்?” என்றேன்.

“அதெல்லாம் உங்க ஆர்ட் டிபார்ட்மென்ட் பார்த்துக்காதா?”

பார்த்துக்கொண்டது. எங்கள் காஸ்ட்யூமர் ஒரு வேன் நிறைய மஞ்சள் ஹெல்மெட்டும் தோல் கையுறையும் கொண்டுவந்து இறக்கினார். அந்த ஆலையில் காலம் காலமாக வேலை பார்த்தவர்கள் தலையில் முதன்முதலாக ஹெல்மெட் ஏறியது சினிமாவால்தான். கலை சமுதாயத்துக்கு என்ன செய்தது என்று உங்களிடம் யாராவது கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லலாம். மாலையில் ஷூட்டிங் முடிந்ததும் காஸ்ட்யூமர் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி வேனில் ஏற்றிவிடுவார் என்பதைச் சொல்ல வேண்டாம்.

தீயணைப்பு சிலிண்டர்களை ஆர்ட் டைரக்டர் தெர்மகோலில் செய்து சிவப்புப் பெயின்ட் அடித்து மாட்டினார். அவ்வளவு அழகான சிலிண்டர்களை எந்தத் தொழிற்சாலையிலும் நான் பார்த்ததில்லை.

வாரம் முழுக்க ஆலை ஓடும்போதே மற்றக் காட்சிகளை எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. அன்றுதான் தீவிபத்துக் காட்சி. ஆலைத் தொழிலாளிகளையே கூட்டத்துக்கு வைத்துக்கொண்டோம். செந்நிற வெளிச்சம் வேண்டும் என்று உலையை மட்டும் அணைக்காமல் எரியவிட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் தடித்த எண்ணெய்க் குழாய் ஒன்று போகும். அது கசிகிறது என்று தொழிலாளிகள் பலமுறை சொல்லி, நிர்வாகமும் நடவடிக்கை எடுத்திருந்தது. ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

கூட்டத்தில் எனக்கு மிகவும் பேஜாராக இருந்த மனிதர் கோதண்டம். தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேனை இயக்குகிறவர். கூரையை ஒட்டித் தொங்கும் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். காட்சிப்படி அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் அவர் தினமும் கீழே இறங்கி வந்து என்னைப் பிடித்துக்கொள்வார்.

“டைரட்டர் சார், மேல குந்திக்கினு கீறேன், யாருக்குத் தெரியும்? ஒரு க்ளோசப்பு வைங்க சார். என் மூஞ்சி லெப்டு சைடு ஷோக்கா இருக்கும்னு என் சம்சாரமே சொல்லுது.”

“வைக்கிறேங்க.”

“எப்போ?”

“சாயந்தரம்.”

இயக்குநர் ‘சாயந்தரம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பாவம், அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் மேக்கப் மேனிடம் போய்க் கொஞ்சம் பவுடர் வாங்கிப் பூசிக்கொண்டு மேலே ஏறுவார்.

காட்சி இதுதான். நான் மைக்கில் “நெருப்பு! ஓடுங்க!” என்று கத்துவேன். புகை வரும். உலைப் பக்கமிருந்து எல்லோரும் அலறிக்கொண்டு ஒரு பெரிய தூண் வரைக்கும் ஓடி வர வேண்டும். தூணுக்கு இந்தப் பக்கம் கேமராவில் தெரியாது. அதனால் தூணைத் தாண்டியதும் நின்றுவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். மறுபடி “நெருப்பு! ஓடுங்க!” மறுபடி தூண். ஒரு தடவை ஒருவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இன்னொரு தடவை ஒருவர் ஓடிக்கொண்டே கழன்ற செருப்பைக் குனிந்து எடுத்தார். காலையிலிருந்து இதே வேலை. மதியத்துக்குள் அந்த ஜனங்களை நான் நன்றாகப் பழக்கிவிட்டேன். நெருப்பு என்ற சொல்லைக் கேட்டால் தூண் வரைக்கும் ஓடி, திரும்பி நெருப்பிடமே போவார்கள்.

அடுத்த டேக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். மானிட்டரில் பார்த்தேன். கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் அருமையான ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று மேலே எழும்பி எழும்பி அடங்கியது. எனக்கு மெய்சிலிர்த்தது.

ஒளிப்பதிவாளரிடம், “பிரமாதங்க. எப்ப போட்டீங்க இந்த லைட்?” என்றேன்.

“நானா? நீங்க சொல்லிப் போட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார் அவர்.

இருவரும் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கி நேரில் பார்த்தோம். சாக்கு எரிந்துகொண்டிருந்தது. குழாயிலிருந்து எண்ணெய் பீய்ச்சி அடிக்க, அடிக்கிற எண்ணெயோடு தீயும் சேர்ந்து அடித்தது.

மைக்கைப் பிடுங்கி, “நெருப்பு! ஓடுங்க!” என்று கத்தினேன்.

ஓடினார்கள். அன்றைக்கு எடுத்ததிலேயே அழகான ஓட்டம் அதுதான். தூணைத் தாண்டினார்கள், நின்றார்கள், திரும்பி நடந்தார்கள்.

“ஐயோ, நிஜமாவே நெருப்பு! திரும்பிப் போகாதீங்க!”

முன்னால் நடந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். “இந்தத் தபா சூப்பரா கத்துன சார். முன்னாடியே இப்டிக் கத்திருந்தா நாங்களும் நல்லா ஓடிருப்போம்ல?”

கூட்டம் சிரித்தது. “கட்! கட்!” என்றேன். கட் என்றாலும் அவர்களுக்குத் திரும்பிப் போவதுதான். தயாரிப்பு நிர்வாகி ஒருவர்தான் தைரியமாக ஓடிப்போய்ச் சுவரிலிருந்த சிலிண்டரைப் பிடித்து இழுத்தார். அது காற்று மாதிரி கையோடு வந்தது. அவர் அதைத் தீயை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்க, வெக்கையில் அது ஓரமாகச் சுருங்கத் தொடங்கியது. அதைப் பார்த்தும் கூட்டம் சிரித்தது. காமெடி டிராக் என்று நினைத்துவிட்டார்கள்.

வாழ்க்கை முழுக்கச் சொற்களை வைத்துப் பிழைத்தவன் நான். ஓர் ஆபத்தைச் சொல்வதற்குத் தமிழில் இருக்கிற அத்தனை சொற்களையும் அன்று காலையிலிருந்து நானே தேய்த்துத் தீர்த்துவிட்டிருந்தேன். நெருப்பு, ஓடுங்கள், ஐயோ, காப்பாற்றுங்கள் எல்லாமே வசனமாகிவிட்டன. வசனமாகாத சொல் ஒன்று வேண்டும். சினிமாக் கூட்டத்தில் யாரும் நடிப்பு என்று சந்தேகப்படாத சொல் எது?

மைக்கில் சொன்னேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன்.

“பிரேக். சாப்பாடு வந்தாச்சு. வெளி கேட்டாண்ட மட்டன் பிரியாணி போடறாங்க. லேட்டா வர்றவங்களுக்குக் கறி இருக்காது.”

நீங்கள் எந்தச் சண்டைக் காட்சியிலும் அப்படி ஓர் ஓட்டத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தூணைத் தாண்டினார்கள், கேமராவைத் தாண்டினார்கள், டிராலியைத் தள்ளிவிட்டார்கள், என்னையும் தள்ளிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியது எங்கள் யூனிட்தான். நான் எழுந்து நிற்பதற்குள் ஆலைக் கொட்டகை காலியாகிவிட்டது.

காலி என்று நினைத்தேன். மேலே பார்த்தால் கூண்டுக்குள் கோதண்டம்.

கூரையை நோக்கிப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் இடது கன்னத்தைக் கேமரா இருந்த பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

“கோதண்டம், எறங்குங்க! நெருப்பு!”

“தெரியுது சார்! செம நேச்சுரல்!”

“பிரியாணி போடறாங்க!”

“நான் நாஷ்டாவே லேட்டாத்தான் துன்னேன் சார். நீங்க போங்க, நான் குந்தினு கீறேன்.”

ஏணி கொட்டகையின் மறுகோடியில். நான் ஏறிப்போய் இழுத்து வருவதற்குள் புகை அவரை அடைந்துவிடும். ஒரே வழிதான் இருந்தது.

“உங்க க்ளோசப் இப்ப எடுக்கறோம்! வெளியில! கேமராவ அங்க மாத்தியாச்சு!”

“வெளிய இன்னாத்துக்கு சார்? இங்கயே எடு. கீயருந்து மூஞ்சில வெளிச்சம் ஷோக்கா வுயுது!”

“உங்க மூஞ்சிக்கு வெயில்தாங்க எடுப்பா இருக்கும். வெயில் போயிடும், சீக்கிரம் வாங்க!”

கொஞ்சம் யோசித்தார்.

“மேக்கப்பு?”

“மேக்கப் மேன் கேட்டாண்ட பவுடரோட நிக்கிறாரு!”

இறங்கினார். ஏணியில் பாதி வரும்போதே இருமத் தொடங்கிவிட்டார். கீழே வந்தவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோதுதான் அவருக்கு விளங்கியது. அவர் உட்கார்ந்திருந்த கூண்டு கரும்புகைக்குள் காணாமல் போயிருந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்தார். அவர் என்னிடம் க்ளோசப் கேட்காத முதல் நேரம் அதுதான்.

கேட்டில் கூட்டம் தட்டோடு வரிசையில் நின்று தயாரிப்பு நிர்வாகியைக் கிழித்துக்கொண்டிருந்தது. அன்றைய சாப்பாடு தக்காளி சாதம். “பிரியாணின்னு சொல்லி ஏமாத்துறியா?” என்று ஒருவர் அவர் சட்டையைப் பிடித்திருந்தார். அப்போது கொட்டகைக் கூரையில் ஒரு தகடு வெடித்துப் பறந்தது. சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விலகியது. ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள்.

பக்கத்து ஆலைக்காரர்கள் மணலோடு ஓடிவந்தார்கள், தீயணைப்பு வண்டியும் வந்தது. அணைத்தார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நான் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். தயாரிப்பாளர் காரிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

“நைனா, கேமரா ஓடிக்கினு இருந்துதா?”

ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் ‘நெருப்பு’ என்று கத்தியதும் பழக்கத்தில் அதை ஓடவிட்ட ஒளிப்பதிவாளர், தப்பி ஓடும் அவசரத்தில் நிறுத்த மறந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் கேமராவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தயாரிப்பாளர் ஆவலாகப் போட்டுப் பார்த்தார். பின்னணியில் நிஜத் தீ, முன்னணியில் நிஜக் கூட்டம், நிஜ ஓட்டம். முகங்களில் மட்டும் அப்படி ஒரு மகிழ்ச்சி.

“இன்னா நைனா இது, நெருப்புக்குப் பயந்து ஓடுறவன் பல்லக் காட்டிக்கினு ஓடுறான். ஒரு ஃப்ரேமும் தேறாது போல” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அன்று அவர் நிஜமாக வருந்தியது அதற்குத்தான்.

அப்புறம் முதலாளி எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏசி அறை. டீ வந்தது.

“இன்ஸ்பெக்ஷன் அதிகாரி வந்துகிட்டிருக்காரு” என்றார். “உங்க புகை மெஷின்லேருந்து தீப்பிடிச்சிதுன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் ஈஸி. ஷூட்டிங் ஆக்சிடென்ட். உங்களுக்கும் பேப்பர்ல நியூஸ். பைப்பை இன்னிக்கே வெல்ட் பண்ணிடுவாங்க, நாளைக்கு மில் ஓடணும். உங்க மீதி ஷூட்டிங்குக்கு மில் எப்பவும் ஓப்பன்.”

தயாரிப்பாளர் முகம் மலர்ந்தது. “கரெக்ட்டா சொன்னீங்க சார். பப்ளிசிட்டிக்குப் பப்ளிசிட்டி.” என் தோளில் கைபோட்டார். “சொல்லிடு நைனா. இன்னா யோசிக்கிற? உன் புக்ல அந்த மொதலாளி இன்னா சொல்றான்? பீடின்னு சொல்றான்ல? நீ மெஷின்னு சொல்லு. டயலாக்கு நீ எயுதுனதுதான?”

அவர் கிண்டல் செய்யவில்லை. உதவிதான் செய்தார்.

எனக்கு அது முதல் படம். அந்த இயக்குநர் நாற்காலிக்காக நான் எத்தனை அறைகளில் எத்தனை டீ குடித்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் இப்போது குடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரு சின்னப் பொய். யாரும் சாகவில்லை. ஆனால் நாளைக் காலையில் அதே குழாயில் ஓர் ஒட்டுப்போட்டு, அதன் பக்கத்தில் அதே ஆட்கள் நிற்பார்கள். அப்போது பிரியாணி என்று சொல்ல நான் அங்கே இருக்க மாட்டேன். டீயை முழுதும் குடித்து முடித்தேன். இக்கட்டில் டீ நல்ல சாக்கு, அது தீரும்வரை யாரும் பதில் கேட்க மாட்டார்கள்.

அதிகாரி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார்.

“எண்ணெய்க் குழாய் கசிஞ்சு தீப்பிடிச்சுது. அதுல சாக்கு கட்டியிருந்தாங்க. எங்க மெஷின் ரொம்ப தள்ளி இருந்துது” என்றேன்.

முதலாளி கூரையைப் பார்த்தார். தயாரிப்பாளர் என் காலை மிதித்தார். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சார் யாரு?”

“டைரக்டர்.”

“அதுக்கு முன்னாடி?”

“நாவல் எழுதுவேன்.”

“ஓ. எதைப் பத்தி?”

வேறு வழியில்லாமல் சொன்னேன். “ஒரு மில்லுல தீப்பிடிக்கறதைப் பத்தி. முதலாளி அதை மறைக்கறதைப் பத்தி.”

அதிகாரி பேனாவை மூடிச் சிரித்தார். “அதான பார்த்தேன். பாவம், சார் இன்னும் கதையிலேயே இருக்காரு. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க சார்.” எல்லோரும் கனிவோடு சிரித்தார்கள். எனக்கு இன்னொரு டீ சொன்னார்கள்.

பொய்யை உண்மை மாதிரி எழுதிப் பேர் வாங்க ஆசைப்படுகிறவர்களே, இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். அப்போது உங்கள் தொழில் என்ன என்று கேட்பார்கள்.

வெளியே வந்தேன். கேட்டருகே தொழிலாளிகள் போகாமல் நின்றிருந்தார்கள். மஞ்சள் ஹெல்மெட்டுகளைக் கேட்டு நின்ற காஸ்ட்யூமரை யாரும் கண்டுகொள்ளவில்லை. கோதண்டம் எழுந்து வந்தார்.

“உள்ள இன்னா சார் பேசுனாங்க?”

“நம்ம புகை மெஷினாலதான் தீப்பிடிச்சுதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பைப்புக்கு ஒட்டுப்போட்டு நாளைக்கு மில்ல ஓட்டப் போறாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“பைப்புன்னு சொன்னேன். கதைன்னுட்டாங்க.”

அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. “அந்த பைப்புல கட்ட சாக்கு குட்த்தவனே நான்தான் சார்” என்றார். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் தயாரிப்பாளர் என்னை ஆலைக்கு வரச் சொல்லியிருந்தார், படத்திலிருந்து நீக்குவதற்காக. நான் போனபோது கேட்டுக்கு வெளியே எல்லாத் தொழிலாளிகளும் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. முதலாளியின் கார் வந்து நின்றது.

“என்னப்பா, ஏன் உள்ள போகல? வேலை நேரம் ஆச்சில்ல?”

கோதண்டம் காவலாளியின் அறைக்குள் போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்தார். காரின் கதவருகே வைத்தார். பவுடர் இல்லாத முகம். எந்தப் பக்கத்தையும் யாருக்கும் திருப்பவில்லை.

“போறோம் மொதலாளி, எங்களுக்கு வேல செய்யக் கசக்குதா இன்னா? ஆனா மொத ஆளா நீ உள்ள வா. இந்தச் சேரப் பைப்பாண்ட போட்டுக்கினு நீ குந்து. நீ குந்தியிருக்கற வரிக்கும் நாங்க வேல செய்றோம்.”

முதலாளி நாற்காலியைப் பார்த்தார், கோதண்டத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற மஞ்சள் தலைகளைப் பார்த்தார். அப்படியே திரும்பிக் காருக்குள் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்தார். புதுக் குழாயோடு ஆட்கள் அன்று மதியமே வந்தார்கள். ஹெல்மெட்டுகள் காஸ்ட்யூமருக்குத் திரும்பவேயில்லை.

என்னைப் படத்திலிருந்து நீக்கினார்கள். “உன் மேல எனக்குக் கோவமே இல்ல நைனா. நீ நல்லவன். நல்லவன வெச்சினு படம் எடுக்க எங்கிட்ட டப்பு இல்ல” என்று கட்டிப்பிடித்து அனுப்பினார் தயாரிப்பாளர். வேறொரு இயக்குநர் வந்தார். ஆலை போய்த் தேயிலைத் தோட்டம் வந்தது. கதை, வசனம் என்று என் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்துத் தயாரிப்பாளர் போன் செய்தார். “அந்தச் சேர் மேட்டரு கேள்விப்பட்டேன். செம டயலாக்கு நைனா! எயுதி அனுப்பு.”

“அது என்னுது இல்லைங்க. கோதண்டம் சொன்னது. அவரைக் கேளுங்க.”

கேட்டார்களாம். “எட்த்துக்கோங்க. ஆனா நான்தான் பேசுவேன்” என்று கோதண்டம் சொன்னாராம். ‘கண்டிப்பா’ என்று சொல்லிவிட்டு, ஹீரோவைப் பேச வைத்துவிட்டார்கள்.

படம் வெளிவந்தது. விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் அந்த ஒரு வசனத்தை மேற்கோள் காட்டி, இலக்கியத்திலிருந்து வந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும் என்றார்கள். ‘நான் எழுதவில்லை’ என்று போகிற மேடையிலெல்லாம் சொன்னேன். என்ன ஓர் அடக்கம் என்று அதற்கும் கைதட்டினார்கள். அந்த வசனத்தால் எனக்கு மேலும் இரண்டு படங்கள் கிடைத்தன. இரண்டும் ஓடவில்லை, அவற்றில் எல்லா வசனமும் நானே எழுதியது.

திருவள்ளூரில் ஒரு தியேட்டருக்குக் கோதண்டத்தையும் அவர் மனைவியையும் நான்தான் கூட்டிப்போனேன். இடைவேளை வரை அவர் பொறுமையாக இருந்தார். நாங்கள் ஆலையில் எடுத்த கிரேன் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வந்தபோதும் அது எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு அந்தக் காட்சி வந்தது. வெளிநாட்டில் படித்த ஹீரோ, இஸ்திரி கலையாத சட்டையோடு, ஒரு தேக்கு நாற்காலியைத் தூக்கி எஸ்டேட் முதலாளியின் முன் வீசினான். “நீ குந்து! நாங்க வேல செய்றோம்!” தியேட்டர் இடிந்து விழுவது போல விசில்.

கோதண்டம் எழுந்துவிட்டார். திரையைக் கைகாட்டி, “அது என் டயலாக்கு! நான் பேசுனது! டேய், அது நான் பேசுனதுடா!” என்று கத்தினார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. இருட்டில் நானும் எழுந்தேன். “ஆமா, அவர்தான் சொன்னாரு! நான் பக்கத்துல இருந்து கேட்டேன்!” என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எங்கள் இருவர் தோளிலும் தட்டினார்.

“யோவ், ரெண்டு பேரும் குந்துங்கய்யா. படம் மறைக்குது.”